உப்பில்லாத கீரையின் வரலாறு

கீரையைப் பற்றித் தமிழ்நாட்டில் இரண்டு விதமான பேச்சுகள் உண்டு. ஒன்று பழையது. கீரை என்பது இல்லாதவர்களின் சாப்பாடு என்கிறது அது. வீட்டுக்கு வந்த சம்பந்திக்குக் கீரையும் சோறும் மட்டும் போட்டு அனுப்பினால் அந்தக் குறை தலைமுறைக்கும் நிற்கும். மற்றது அண்மையில் கிளம்பியது. கீரை முன்னோர் கண்ட மருந்து, முருங்கையும் வல்லாரையும் வீட்டில் இருந்தால் வைத்தியச் செலவே கிடையாது என்கிறது. ஒன்று இகழ்கிறது, மற்றொன்று புகழ்கிறது. ஆனால் இரண்டும் இலையை மட்டுமே பார்க்கின்றன. சட்டியில் இலையோடு சேர்ந்து வெந்தது என்ன, அந்த இலை யாருடைய மண்ணில் முளைத்தது என்று இரண்டு தரப்பும் கேட்பதில்லை. இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுக்கொண்டு இரண்டாயிரம் ஆண்டுச் சான்றுகளைப் புரட்டினால் வேறொரு வரலாறு தெரிகிறது. கீரைக்கு ஏழ்மையின் முத்திரை விழுந்ததற்கு அந்த இலை காரணமில்லை. அதைத் தின்றவர்களுக்கு உப்பும் பருப்பும் நெய்யும், செடி வைக்கக் கொஞ்சம் கொல்லையும் கிடைக்காமல் போனதுதான் காரணம்.

சங்கப் பாடல்களில் வரும் வேளைக்கீரையை முதலில் எடுத்துக்கொள்வோம். இன்று நல்வேளை, தைவேளை என்று சொல்லும் செடியாகவே இதைப் பொதுவாக அடையாளம் காண்கிறார்கள். மழை பெய்தால் குப்பைமேட்டிலும் வேலியோரத்திலும் தானாக எழும்பும். வெள்ளைப் பூ, கடுகு போன்ற நெடி, கொஞ்சம் கசப்பு. சிறுபாணாற்றுப்படையில் கூரை சிதைந்த வீட்டில் பசியோடிருக்கும் பெண் குப்பையில் முளைத்த வேளையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் கண்டு பேசுவார்களே என்று கூசிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து தின்கிறாள். புறநானூற்றின் 246ஆம் பாடலில் பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு கைம்மை உணவை விவரிக்கும்போதும் அதே வேளை வருகிறது. அங்கே எள்ளு விழுதும் புளியும் சேர்த்து அது சமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தச் சோற்றில் நெய் படவில்லை. அதே நூலின் 215ஆம் பாடலில் கோப்பெருஞ்சோழன் தன் நண்பர் பிசிராந்தையாரின் நாட்டைப் புகழும்போது மூன்றாம் முறையாக வேளை வருகிறது. ஆயர்குலப் பெண் வேளைப்பூவை வெண்தயிரில் இட்டுப் புளிப்பாகச் சமைக்க, அவரை கொய்கிறவர்கள் வரகுச் சோற்றோடு அதை வயிறாரச் சாப்பிடுகிறார்கள். இந்த மூன்றாவது காட்சியில் வெட்கமும் இல்லை, துக்கமும் இல்லை. ஒரு நாட்டின் வளத்துக்கு அடையாளமாகவே அந்த உணவு சொல்லப்படுகிறது. மூன்று இடத்திலும் செடி ஒன்றுதான். உப்பில்லாதபோது அது வறுமை, நெய் விலக்கப்பட்டபோது கைம்மை, தயிர் சேர்ந்தபோது செழிப்பு.

வேளைக்கு மட்டும் உரிய செய்தியாக இதை ஒதுக்கிவிட முடியாது. புறநானூற்றின் 159ஆம் பாடலில் குமணனிடம் பரிசில் கேட்டு வரும் பெருஞ்சித்திரனார் தன் மனைவி குப்பைக்கீரையின் இளந்தளிரைக் கொய்து சமைத்ததைச் சொல்கிறார். பசியை எடுத்துக்காட்ட அவர் இலையின் தாழ்வைச் சொல்லவில்லை. உப்பு இல்லை, மோர் இல்லை, சோற்றை மறந்தாயிற்று என்று இல்லாதவற்றை அடுக்குகிறார். நாலடியாரின் நல்குரவு அதிகாரத்திலும் இதே கணக்குதான். செல்வம் கரைந்தபின், வளையணிந்த கைகளால் கீரை பறித்து உப்பில்லாமல் வேகவைத்துத் தின்று வாழ்கிற நிலை அங்கே பேசப்படுகிறது. ஔவையார் பெயரில் வழங்கும் பிற்காலத் தனிப்பாடல் ஒன்றிலும் வளையணிந்த கை வருகிறது, கீரையும் வருகிறது. ஆனால் அங்கே கீரை சூடாக இருக்கிறது, மணக்கிறது, நெய் அளாவியிருக்கிறது. கீரை என்று பெயர் சொல்லி அமுதத்தையே படைத்துவிட்டாள் என்று புலவர் மகிழ்கிறார். ஒரே கை, ஒரே இலை, இரண்டு விதி. உப்பு அன்றைக்கு அத்தனை அரிய பொருளா என்று கேட்டால், அகநானூற்றின் 140, 390ஆம் பாடல்கள் விடை சொல்கின்றன. உப்பு வணிகரான உமணர் வீட்டுப் பெண் தெருவில் கூவி விற்கும்போது நெல்லுக்குச் சரிக்குச் சரியாக உப்பை அளந்து கொடுக்கிறாள். நெல் இல்லாத வீட்டில் உப்பும் இல்லை என்பதுதான் இதன் பொருள். கடற்கரையிலிருந்து தள்ளியிருந்த ஊர்களில், நெல் கைக்கு வராத ஏழையின் கீரை உப்பில்லாமல் வெந்ததை இப்படித்தான் விளங்கிக்கொள்ள முடிகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். இவையெல்லாம் கவிதைகள், பரிசில் கேட்கும் புலவர் வறுமையை மிகைப்படுத்துவது மரபு, உப்பில்லாக் கீரை ஒரு வாய்பாடு, அதை வைத்து வரலாறு எழுதலாமா என்பார்கள். மரபு என்பது சரிதான். ஆனால் கேட்கிறவர்களுக்குத் தெரிந்த வாழ்க்கையிலிருந்து எடுத்தால்தான் ஒரு வாய்பாடு வேலை செய்யும். உப்பில்லாத கீரை என்றதும் அரசவையில் இருந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கியிருக்க வேண்டும். விளங்கியதால்தான் மீண்டும் மீண்டும் அதுவே சொல்லப்பட்டது. அதைவிட வலுவான சான்று சமையலறையிலிருந்தே கிடைக்கிறது. வேளையைத் தயிரில் இட்டுச் சமைத்த ஆயர் பெண்ணின் முறை வெறும் கற்பனை என்றால், அதே செடியைத் தின்னும் வேறு மக்கள் அதை நாடியிருக்க மாட்டார்கள். ஆப்பிரிக்காவில் இதே நல்வேளை இன்றும் விரும்பி உண்ணப்படும் கீரை. கென்யாவின் கிசி மக்கள் சின்சாகா என்று இதை அழைக்கிறார்கள். அந்நாட்டில் வெந்த இலையைப் பாலில் ஊறவைத்துக் கசப்பை மட்டுப்படுத்தி உண்பது வழக்கம். தமிழ்ப் புலவரைக் கேட்டு அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கசக்கும் இலைக்குப் பாலும் தயிரும் மாற்று என்பதை இரண்டு நிலங்களிலும் மாடு வளர்த்த வீட்டுப் பெண்கள் தாங்களாகவே கண்டிருக்கிறார்கள். புறநானூற்றில் இருப்பது நிஜமான ஒரு சமையல் முறை.

துணைப்பொருள் இல்லாமல் கீரைச் சமையலே இல்லை என்பதை நம் வீடுகளில் இன்றுள்ள முறைகளும் காட்டும். அரைக்கீரையைக் கடைகிற விதத்தைப் பாருங்கள். இலையை ஆய்ந்து, மண் போக மூன்று நான்கு தண்ணீரில் அலசி, மண்சட்டியில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, மூடாமல் வேகவைக்கிறார்கள். திறந்து வைத்தால் இலையிலிருந்து வெளிவரும் அமிலம் ஆவியோடு போய்விடும். பச்சை நிறம் மங்காது. சட்டி நிறைய இருந்த கீரை வெந்து ஒரு கைப்பிடியாகச் சுருங்கிய பிறகுதான் உப்பு போடவேண்டும் என்பது எல்லா வீட்டுப் பெரியவர்களும் சொல்லும் விதி. முன்னால் போட்டால் அளவு தெரியாமல் கரித்துவிடும். பிறகு மத்தால் கடைந்து, சின்ன வெங்காயம், வரமிளகாய், பூண்டு தாளித்துக் கொட்டுகிறார்கள். கொங்குநாட்டில் இது கடைசல், தஞ்சைப் பக்கம் மசியல். தண்டுக்கீரைக்குப் புளி வேண்டும். பொன்னாங்கண்ணிக்குப் பாசிப்பருப்பு வேண்டும். அகத்தியின் கசப்புக்கு அரிசி கழுவிய தண்ணீரும் தேங்காய்ப்பாலும் சேர்த்துத் தண்ணிச்சாறு வைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் முருங்கையிலைக்குத் தேங்காய்ப்பூ போட்டு வறை செய்கிறார்கள். வல்லாரைக்குத் தேங்காயும் தேசிக்காய்ப் புளியும் விட்டுச் சம்பல் செய்கிறார்கள். ஒவ்வோர் இலைக்கும் ஒரு குறை, ஒவ்வொரு குறைக்கும் ஒரு துணை என்று பொருத்தி வைத்த இந்த அறிவு பல தலைமுறைப் பெண்களின் சோதனையில் விளைந்தது. இந்த முறைகளில் எதிலுமே இலை தனியாகச் சட்டியில் ஏறுவதில்லை. சுருங்கிப்போன கீரைக்குத் தேவைப்படுவது ஒரு சிட்டிகை உப்புதான். அந்தச் சிட்டிகையும் இல்லாத வீடுகள் இருந்தன என்பதில்தான் பழம் பாடல்களின் வலி இருக்கிறது.

உப்பின் அருமை சங்ககாலத்தோடு தீரவில்லை. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் உப்பை அரசின் ஏகபோகமாக்கியது. கடற்கரையில் இயற்கையாகப் பூத்த உப்பை அள்ளுவதும் குற்றமாயிற்று. பணக்காரர் தின்னும் அளவு உப்பையே ஏழையும் தின்கிறார். வெயிலில் உழைத்து வியர்வை சிந்துகிறவருக்கு அது இன்னும் கூடுதலாக வேண்டும். ஆகவே உப்பின் மீது விழும் ஒவ்வொரு காசும் கூலிக்காரர் வீட்டுச் சட்டியைத்தான் அதிகம் பதம் பார்க்கும். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த தொண்டர்கள் மீறியது இந்தச் சட்டத்தைத்தான். அந்த யாத்திரையை விடுதலைப் போராட்ட வரலாற்றின் ஓர் அத்தியாயமாக மட்டுமே நாம் படித்துப் பழகியிருக்கிறோம். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வெந்த கீரையைத் தவிர வேறெதுவும் இல்லாத வீடுகளின் பக்கமிருந்து பார்த்தால் அது சமையல் வரலாற்றின் அத்தியாயமும்தான். உப்பு வரி 1947இல் நீங்கியது. நெல்லுக்குச் சமமாக உப்பை அளந்த காலத்திலிருந்து அதுவரை, உப்பு ஏழைக்கு எளிதில் கிடைக்கும் பொருளாக இருந்ததில்லை என்பதை மறந்துவிட்டுக் கீரையின் மதிப்பைப் பற்றிப் பேசக்கூடாது.

இதைவிடக் கடுமையான மறுப்பு பஞ்சத்திலிருந்து வருகிறது. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் மக்கள் கிடைத்த இலையையெல்லாம் பறித்துத் தின்றார்கள், தின்றும் மாண்டார்கள். அப்படியானால் கீரை பசியின் உணவு என்பது வெறும் அவதூறு ஆகுமா? ஆகாது, பசித்தவர்கள் இலையை நாடியது உண்மை. ஆனால் அந்த உண்மை குற்றம் சாட்டுவது வேறொன்றை. நூறு கிராம் முளைக்கீரையில் உள்ள சக்தி 50 கலோரிக்கும் குறைவு. அதே எடை அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி இருக்கிறது. எந்த இலையும் தானியத்தின் வேலையைச் செய்யாது, செய்ய வேண்டியதும் இல்லை. தானியம் இருக்கும் இடத்தில் கீரை துணை. தானியம் பறிபோன இடத்தில் அது கடைசிப் புகல். 1877இல் நிவாரண வேலை செய்தவர்களின் கூலியை ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்று குறைத்தபோது, சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். உழைக்கிற உடம்புக்கு அந்தத் தானியம் போதாது, பருப்பு போன்ற சத்துள்ள பொருளும் சேரவேண்டும் என்பது அவர் வாதம். அன்றைக்கே ஒரு மருத்துவருக்குத் தெரிந்திருந்தது, பசியின் காரணம் சட்டியில் இருந்ததில் இல்லை, சட்டியில் இல்லாமல் போனதில்தான் என்று.

இனி இரண்டாவது கேள்வி: இலை யார் மண்ணில் முளைத்தது? வீட்டுக் கீரை என்றால் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் புழக்கடை, அதன் ஓரத்தில் ஒரு முருங்கைப் போத்து, வேலியில் ஏறிய பசலைக்கொடி, சாம்பலும் சாணமும் போட்டுக் கொத்திய நாலு பாத்தி அரைக்கீரை. தனியாக நீர் இறைக்க வேண்டாம், காசு செலவழிக்க வேண்டாம். ஆனால் புழக்கடை என்று ஒன்று இருக்க வேண்டும். தஞ்சை நிலப்பரப்பில் பண்ணையாட்களின் குடிசைகள் மிராசுதாரின் நிலத்தில் இருந்தன. எந்த நாளும் வெளியேற்றப்படலாம் என்ற நிலையில் பின்னால் தழைக்கப்போகிற மரத்தை யார் நடுவார்? 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1971இல் குடியிருந்த மனைக்கு உரிமை தரும் குடியிருப்புச் சட்டமும் வந்த பிறகுதான் அந்த மண் சட்டப்படி அவர்களுடையதாக ஆகத் தொடங்கியது. அதுவரை நிலமற்றவர்களின் கீரைத் தோட்டம் பிறருடைய வயல்தான். களை பறிக்கப் போன பெண்கள் வரப்போரத்துப் பொன்னாங்கண்ணியையும் சேற்றிலிருந்த ஆரைக்கீரையையும், கரிசல் காட்டில் தொய்யக்கீரையையும் பண்ணைக்கீரையையும் மடியில் கட்டிவந்து கலவையாகக் கடைந்தார்கள். பயிருக்குக் களை, கூலிக்குப் போனவர்களுக்குக் குழம்பு. பசுமைப் புரட்சிக்குப் பின் களைக்கொல்லி பரவியபோது அந்தத் தோட்டமும் போயிற்று. இந்த இழப்பை யாரும் இழப்பாகக் கணக்கெழுதவில்லை. வயலில் களை இல்லை என்று வேளாண்மையின் வெற்றியாகவே எழுதினார்கள்.

உயர்ந்த வீடுகளிலும் கீரை தாழ்ந்ததாகவே கருதப்பட்டதே, கைம்பெண்ணுக்கும் நோன்பிருப்பவருக்கும் அதை ஒதுக்கினார்களே, இலையிலேயே ஏதோ தாழ்வு இல்லாமலா என்று கேட்கலாம். அகத்தி இதற்குப் பதில் சொல்லும். வெற்றிலைக் கொடிக்காலில் கொடி பற்றி ஏற நடுகிற மரம் அது. அதன் தழை மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீவனம். அதே அகத்தி, ஏகாதசி முழுக்கப் பட்டினி கிடந்தவர் துவாதசிக் காலையில் நெல்லிக்காயோடு சேர்த்து முதலில் உண்ணும் உணவாகவும் இருக்கிறது. மாட்டுத் தொழுவத்துக்கும் விரதச் சாப்பாட்டுக்கும் ஒரே கிளையிலிருந்து ஒடிக்கப்படும் இலைக்குப் பிறவித் தாழ்வு எங்கிருந்து வரும்? கைம்மை உணவிலும் வதை இலையால் நேரவில்லை. பெருங்கோப்பெண்டின் பட்டியலில் நெய்யின்மை இருக்கிறது, பிழிந்த சோற்றுப் பிண்டம் இருக்கிறது, பாயில்லாத பரற்கல் படுக்கை இருக்கிறது. ஒரு பெண்ணிடமிருந்து ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டபின் அவளிடம் எஞ்சியது கீரை. எஞ்சியதைக் குறை சொல்லிப் பறித்தவர்களை மறந்துவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது.

கீரையைச் சர்வரோக நிவாரணி என்று புகழ்பவர்களுக்கும் இதே சான்றுகள் பதில் வைத்திருக்கின்றன. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநர் அய்க்ராய்ட் 1937இல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை வெளியிட்டார். எளிய மக்களுக்கும் எட்டக்கூடிய சத்துகளின் ஊற்றாகக் கீரைகள் அதில் இடம்பெற்றன. மதுரையில் கண் மருத்துவர் ஜி. வெங்கடசாமி 1970களில், வைட்டமின் ஏ குறைவால் கண்பார்வை பறிபோகும் நிலையில் வந்த குழந்தைகளுக்காக ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் நடத்தினார். தாய்மாரும் உடனிருந்து, ஊரில் கிடைக்கும் பொருள்களை வைத்துப் பிள்ளைக்கு ஊட்டக் கற்றார்கள். கீரையில் இருப்பது வைட்டமின் ஏயாக உடலில் மாறக்கூடிய கரோட்டின். கொஞ்சம் கொழுப்பு உடன் இருந்தால்தான் குடல் அதை நன்றாக உறிஞ்சும். கீரையின் இரும்புச்சத்தும் எலுமிச்சை, நெல்லி போன்ற வைட்டமின் சி உள்ள பொருளோடு சேர்ந்தால்தான் கூடுதலாக உடம்பில் ஒட்டும். ஔவையின் பாடலில் அளாவிய நெய்யும் துவாதசி நெல்லிக்காயும் நாக்குக்கு மட்டும் இதம் செய்யவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இவர்களைப் பார்த்துக் கீரை சாப்பிடுங்கள் என்று உபதேசம் செய்வது போதாது. எதோடு சேர்த்துச் சாப்பிட அவர்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்காத உபதேசம், உப்பில்லாமல் வேகவைத்ததையே மறுபடி பரிமாறுகிறது.

இன்று உப்பு மலிவு. 2007 முதல் நியாயவிலைக் கடையில் துவரம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. கீரைக்கட்டு தெருவுக்கே வருகிறது. பிறகு என்ன குறை என்பது கடைசி மறுப்பு. பருப்பும் எண்ணெயும் ரேஷனில் வந்ததைக் கீரை வரலாற்றின் பெரிய திருப்பமாகவே நான் கருதுகிறேன். புலவர்கள் பாடிய இல்லாமையில் ஒரு பங்கை அது நேரடியாகத் தீர்த்தது. மீதமிருப்பவை இரண்டு. முதலாவது நேரம். ஒரு கட்டுக் கீரையை ஆய்ந்து அலசி முடிக்க அரைமணி ஆகும். வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்ணின் தலையிலேயே அந்த அரைமணியையும் ஏற்றி வைத்துக்கொண்டு பாரம்பரிய உணவை அவள் கைவிட்டாள் என்று குறை சொல்வது அநியாயம். கீரை ஆய்வது வீட்டிலுள்ள ஆண்கள் கைக்கும் வரவேண்டிய வேலை. இரண்டாவது மண். சென்ட் கணக்கில் அளந்து தரும் இலவச மனைப்பட்டாவிலும், சுவரோடு சுவர் ஒட்டிய வாரியக் குடியிருப்பிலும் தண்ணீர் ஓடி நிற்கப் புழக்கடை இல்லை. வீடு தரும் திட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு முருங்கையும் இரண்டு பாத்தியும் வைக்கும் அளவு மண்ணையும் வீட்டின் பகுதியாகச் சேர்த்து அளக்க வேண்டும். மாடிக் குடியிருப்பு என்றால் பொதுவில் ஒரு கீரைத்தோட்டமும் அதற்கு அன்றாடத் தண்ணீரும் ஒதுக்க வேண்டும். அங்கன்வாடியிலும் சத்துணவுக் கூடத்திலும் வெந்த கீரையோடு எண்ணெயும் பருப்பும் குறையாமல் சேர்கின்றனவா என்று கணக்குப் பார்க்க வேண்டும். கீரையை மதிக்கிறோம் என்று சொல்கிற சமூகம் அந்த மதிப்பைக் காட்ட வேண்டிய இடம் மேடையோ மருத்துவக் குறிப்போ இல்லை, இந்த அளவுகளும் கணக்குகளும்தான்.